பன்னிரண்டாவது போண்டா

மரியாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் சொல்வார்கள். சொல்லட்டும். மூக்கு என் அப்பாவுடையது, கோபம் என்னுடையது. இரண்டில் எதையும் நான் யாரிடமும் போய்க் கேட்டு வாங்கவில்லை.

சாம்பியன் ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் என் வீடு. வீட்டு முன்பக்கத்துத் தகரக் கொட்டகைதான் கடை. ஒரு அடுப்பு, ஒரு வாணலி, ஒரு பெஞ்சு. நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் பெங்களூர் ரயில் வந்து கூட்டம் கலைகிறவரை மங்களூர் போண்டா போடுவேன். வேறு எதுவும் கிடையாது. பஜ்ஜி இருக்கா என்று கேட்கிறவர்களை ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் போகச் சொல்வேன்.

என் போண்டாவில் ரகசியம் ஒன்றும் இல்லை. மைதா, நேற்றைய புளித்த தயிர், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய். மிச்சமெல்லாம் சோடா உப்பு செய்கிற வேலை. மாவு இரண்டு மணி நேரம் ஊறலாம், ஆனால் எண்ணெய் காய்ந்த பிறகுதான் சோடா. முன்னாலேயே போட்டு வைத்தால் பொங்க வேண்டியதெல்லாம் பாத்திரத்திலேயே பொங்கித் தீர்ந்துவிடும். கூடப் போட்டால் போண்டா எண்ணெயைக் குடிக்கும், சீக்கிரம் சிவந்து கருகும், வாயில் சோப்பு வாடை அடிக்கும். குறைந்தால் கல். ஒரு கரண்டி தயிரில் மூன்று விரலால் கிள்ளித் தூவ வேண்டும். தயிர் உடனே சிலிர்த்துக்கொண்டு நுரையாக எழும்பும். அதை அப்படியே மாவில் கொட்டி நாலு சுற்று சுற்றினால் போதும், மேலே கை வைக்கக் கூடாது. அந்த நுரை எழும்புகிற நேரத்தில் எனக்கு உலகம் மறந்துபோகும். ரவிகுமார் ஆட்டோவை நிறுத்திவிட்டு, "மரியாக்கா, போண்டா போடறியா, ஜெபம் பண்றியா?" என்பான். அதற்காகவே அவனுக்கு ஒரு போண்டா குறைத்துத்தான் தருவேன்.

அந்தப் பெரியவர் முதலில் வந்தது டிசம்பர் தொடக்கத்தில். நாலரைக்கே பனி இறங்கியிருந்தது. எதிரே சுரங்க மண்ணைக் கொட்டிக் குவித்த டம்ப் மலையின் அடிப்பாதி காணவில்லை, மேல்பாதி மட்டும் வெயிலில் ரோஸ் நிறமாக வானத்தில் நின்றது. அந்தப் பனிக்குள்ளிருந்து குரங்குக் குல்லாவும் பழுப்பு ஸ்வெட்டருமாக ஒரு கிழவர் மெதுவாக நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எண்பதை நெருங்குகிற வயது. கன்னம் ஒட்டி, ஸ்வெட்டர் மட்டும் தனியாக நடந்து வந்த மாதிரி இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாணலியில் ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு போகும். போட்டவுடன் எல்லாம் அடியில் போய் உட்காரும். பிறகு ஒவ்வொன்றாக வீங்கி, அசைந்து, மேலே வரும். முதலாவது வந்ததும் அவர் வாய் திறந்தது.

"ஒண்ணு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டு. மூணு." கண் இமைக்காமல் எண்ணிக்கொண்டே போனார். பன்னிரண்டாவது மேலே வந்து புரண்டதும் பெருமூச்சு விட்டார். "பன்னெண்டு. கிளியர்" என்றார். கையை நீட்டினார். நாலு போண்டாவை ஊதி ஊதித் தின்றுவிட்டு, வந்த மாதிரியே பனிக்குள் போய்விட்டார்.

மறுநாளும் வந்தார். அன்றைக்குப் பார்த்து மாவை நான் சரியாகச் சுற்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். பதினொன்று மேலே வந்தது, ஒன்று மட்டும் அடியிலேயே ஒட்டிக்கொண்டது. அதை நெம்பிவிடக் கரண்டியை எடுத்தேன். அவ்வளவுதான், அந்த ஒட்டின கன்னத்திலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"மிஸ்பயர்! யாரும் கிட்ட போவாதீங்க! எல்லாம் பின்னால வாங்க!"

எழுந்து இரண்டு கையையும் விரித்து அடுப்புக்கும் எனக்கும் நடுவே நின்றுவிட்டார். ரவிகுமார் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இன்னா பெரியவரே, போண்டா கருகுது, நவுருங்க!" என்று கத்தினேன். அவர் நகரவில்லை. போண்டா கருகியது. அவர் ஒன்றும் தின்னாமல் போனார். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல" என்றான் ரவிகுமார். வாயை மூடு என்றேன்.

எனக்குக் கோபம் வந்ததே தவிர, அவர் சொன்னது புரியாமல் இல்லை. சுரங்கத்தில் வேலை செய்தவர் வீட்டுக் குழந்தைக்கு அது பாலோடு புகட்டின விஷயம். பாறையில் பன்னிரண்டு குழி துளைத்து வெடிமருந்து கெட்டித்தால், திரியைக் கொளுத்திவிட்டுத் தூரப் போய் நின்று வெடிச் சத்தத்தை எண்ண வேண்டும். பன்னிரண்டும் கேட்டால் கிளியர். பதினொன்றுதான் கேட்டது என்றால் ஒரு குழி உயிரோடு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரத்துக்கு யாரும் உள்ளே போகக் கூடாது. எண்ணிக்கை ஒரே ஒரு ஆளுடைய பொறுப்பு. மற்றவர்கள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எனக்கு இது நன்றாகவே தெரியும். என் அப்பா அப்படி ஒரு வெடிக்காத குழியில்தான் போனார். எண்பத்து நாலில், எனக்கு ஒன்பது வயது. யாரோ தப்பாக எண்ணிவிட்டார்கள் என்றார்கள். யார் என்று அம்மா கேட்கவில்லை. ஆண்டவருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த நாள் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பெயர் ராதிகா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெரியவரின் மருமகள்.

"அக்கா, எங்க மாமா இங்க வந்து போண்டா சாப்ட்டாரா? நிஜமாவா?"

"நாலு சாப்ட்டாரு. நேத்து ஒண்ணும் சாப்புடல. ஏன், அவருக்கு ஒடம்புக்கு இன்னா?"

அவள் கண் கலங்கிவிட்டது. மாமாவின் பெயர் முனியப்பன். இவ்வளவு காலம் ஓசூரில் பெரிய மகனோடு இருந்தார். நினைவு தப்பத் தொடங்கியதும் இங்கே சின்ன மகன் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு மாதமாகத் தட்டை வைத்தால் கையெடுத்துக் கும்பிட்டு நகர்த்திவிடுகிறார். கஞ்சி, பால், பழம் எதுவும் இறங்குவதில்லை. "இப்படியே போனா கோலாருக்குக் கூட்டினு போயி மூக்குல டியூப் போடணும்ங்கறாங்க அக்கா. டியூப் போட்டா புடுங்கிடுவாரு. கைய கட்டி வெக்கணுமாம். எங்க வீட்டுக்காரரு ராத்திரி பூரா அழுவறாரு."

கையைக் கட்டுவதா? "தெனம் கூட்டினு வா. பன்னெண்டும் மேல வந்தா சாப்புடுவாரு. மேல வர வெக்கறது என் வேலை" என்றேன்.

அன்றிலிருந்து நான் கடை போட்டது கூட்டத்துக்கு இல்லை, அவருடைய ஈட்டுக்கு. சோடாவைச் சலித்து வைத்தேன். தயிரை முந்தின நாள் காலையிலேயே உறைக்குப் போட்டேன். பனிக்காலத்தில் தயிர் புளிக்காது, புளிக்காத தயிரில் சோடா சோம்பேறியாகிவிடும், அதனால் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி அடுப்போரம் வைத்தேன். நாலரைக்கு அவர் வருவார். "வாங்க நைனா" என்பேன். எப்போது 'பெரியவரே' 'நைனா'வாக மாறியது என்று எனக்கே தெரியாது. "ஒண்ணு, ரெண்டு" என்று அவர் எண்ணுவார். பாதை, ஸ்டேஷன், டம்ப் மலை எல்லாம் பனியில் கரைந்துபோய், எண்ணெய்க்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வருகிற பன்னிரண்டு போண்டாக்கள் மட்டும்தான் உலகத்தில் மிச்சமிருக்கும். கிளியர் என்று சொன்ன பிறகு எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டார். ராதிகா டிபன் டப்பாவில் கொண்டுவரும் இட்லி, சோறு, எல்லாம். பல் இல்லாதவர் என்று நான் கொண்டைக்கடலையை ஒரு துளி சோடா போட்டு ஊறவைத்து, நன்றாகக் கழுவி, வெண்ணெயாக வேகவைத்து வைப்பேன். அதையும் விரலால் நசுக்கிச் சாப்பிட்டார். சில நேரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார். சரியாகச் சொன்னால், என் மூக்கைப் பார்ப்பார்.

மூன்று வாரத்தில் கன்னம் கொஞ்சம் மேடிட்டது. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. என் வீட்டுக்காரர் டென்னிஸ் விடிகாலை ரயிலில் பெங்களூர் போனால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் திரும்புவார். பகல் முழுக்க நான் காத்திருந்தது அந்த ஸ்வெட்டர்காரருக்காகத்தான். கனவில்கூட வந்தார். ஆழமான இருட்டுத் தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ மேலே வர, கரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ராதிகா என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள். "இப்ப எல்லாம் தூங்கறாரு அக்கா. முன்ன தூக்கத்துல ஒரே பொலம்பலு. எங்க வீட்டுக்காரரு கிட்ட கேட்டேன், அப்பதான் சொன்னாரு. மைன்ல இவரு எண்ணினது தப்பாயிடுச்சாம். இவர நம்பி ஒருத்தரு உள்ள போயி செத்துட்டாராம். ரெண்டு பேரும் உயிருக்கு உயிரா இருந்தவங்க. யேசுதாஸ்னு பேரு. பாவம், சின்னக் கொழந்த இருந்துச்சாம்."

யேசுதாஸ் என் அப்பாவின் பெயர். "எப்போ?" என்றேன்.

"எம்பத்தி நாலாம்."

என் கையிலிருந்த கரண்டி எண்ணெய்க்குள் நழுவியது. ராதிகா பதறினாள். ஒன்றுமில்லை, சுட்டுவிட்டது என்றேன். பெஞ்சில் அவர் நான் வேகவைத்த கடலையை நசுக்கி நசுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு டென்னிஸிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடு என்பார். அவர் நல்லவர், நான் இல்லை. என் அம்மா முப்பத்தொரு வயதில் வெள்ளைப் புடவை கட்டினாள். எனக்குப் புதுநன்மை கொடுத்த அன்று கையைப் பிடித்துக்கொண்டு போக அப்பா இல்லை. அதையெல்லாம் எண்ணத் தெரியாத ஒருத்தனுக்கு நான் தயிரைப் போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் மாவு கரைத்தேன். எண்ணெய் காய்ந்தது. சோடா டப்பாவை எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. பார்க்கட்டும், எண்ணிப் பார்க்கட்டும், பட்டினி கிடக்கட்டும் என்று நினைத்தேன். இதை இப்போது எழுதவே கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

நாலரைக்கு ராதிகா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மாத்திரை வாங்க ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் போனாள். வாங்க என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு உருண்டையும் உள்ளே போயின. அடியில் போய் உட்கார்ந்தன. அவர் முன்னே சாய்ந்தார். நேரம் போயிற்று. ஒன்று அரைமனதாக மேலே வந்தது. "ஒண்ணு" என்றார். ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. "ரெண்டு." அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. எழுந்து வந்தார். இரண்டு கையையும் விரித்து எனக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றார். முதுகு அடுப்புப் பக்கம், முகம் என் பக்கம். எண்ணெய் அவருக்குப் பின்னால் புகைந்துகொண்டிருந்தது.

"பத்து நிக்குது" என்றார். "நீ போவாத."

"நைனா, தள்ளுங்க. எண்ணெய் பத்திக்கும்."

"நீ போவக் கூடாதுடா யேசுதாஸு."

என் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகைக்கு வெளியே போய் சிலிண்டரை மூடினேன். அடுப்பு அணைந்தது. திரும்பி வந்தபோதும் கையை மடக்காமல் அப்படியே நின்றிருந்தார். தோளைப் பிடித்துப் பெஞ்சுக்கு அழைத்து வந்தேன். எலும்புதான் கையில் தட்டியது.

"மணி இன்னா?" என்றார்.

"அஞ்சாவப் பத்து நிமிஷம்."

"அஞ்சு இருவது வரைக்கும் யாரும் போவக் கூடாது. இங்கயே குந்து."

குந்தினேன். பனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. எதிரில் பாதை இல்லை, மலை இல்லை. ரவிகுமாரின் ஆட்டோ விளக்கு ஒன்று மஞ்சளாக வந்து, நான் கை காட்டியதும் போய்விட்டது. நாங்கள் இருவரும் எங்கோ ரொம்ப ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அவர் என் மணிக்கட்டை விடவே இல்லை.

"அன்னிக்கு பதினொண்ணுதான் கேட்டுச்சு" என்றார். "நீ கேட்ட, 'பன்னெண்டா மச்சான்?'னு. நான் ஆமான்னேன்."

அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு குழி ஒண்ணா வெடிச்சிருக்கும்னு நெனச்சேன். அரை மணி நேரம் யாருடா குந்திக்கினு இருப்பான்னு நெனச்சேன். பசிடா யேசுதாஸு. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. கேஜ் ஏறி மேல போயி சோறு துன்னணும். வேற ஒண்ணும் இல்ல. பசி."

நாற்பது வருஷமாக நான் தேடாத பதில் அது. குடித்திருந்தான், பகையிருந்தது, காது மந்தம் என்று ஏதாவது இருந்திருந்தால் என் கோபத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும். பசியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? தினமும் பசியோடு வருகிறவர்களுக்குப் போண்டா சுடுகிறவள் நான்.

"அதுக்குத்தான் சாப்புட மாட்டேன்றியா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "எப்பிடிடா சாப்புடறது? நீ இன்னும் மேல வர்லியே."

அழுதேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை, அப்போது எனக்கு எல்லோரையும் வேடிக்கை பார்க்கிற வயது. அவர் என் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "மணி பாரு, மணி பாரு" என்றார்.

ஐந்து இருபது வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு நிமிஷம்கூட நான் குறைக்கவில்லை.

பிறகு எழுந்து அந்தக் கல் போண்டாக்களை அரித்து வெளியே போட்டேன். அடுப்பைப் பற்றவைத்தேன். மாவு மிச்சம் இருந்தது. கரண்டியில் புளித்த தயிரை எடுத்தேன். கண்ணீரில் டப்பாவே சரியாகத் தெரியவில்லை, கிள்ளினது சிட்டிகையா இரண்டு சிட்டிகையா என்றும் தெரியவில்லை. தயிர் குபுகுபுவென்று எழும்பிக் கரண்டி விளிம்பைத் தாண்டியது. மாவில் கொட்டி நாலு சுற்று. எண்ணெயில் ஒன்றொன்றாக விட்டேன். ஆண்டவரே, இன்றைக்கு ஒரு நாள் என்றேன்.

"ஒண்ணு" என்றார் அவர். "ரெண்டு." நானும் சேர்ந்து எண்ணினேன். ஒன்பது, பத்து என்று வேகமாக வந்தன. பதினொன்று. பன்னிரண்டாவது அடியிலேயே இருந்தது. அவர் மூச்சை நிறுத்திவிட்டார். நானும்தான். கரண்டியால் தொடவில்லை, தொடுவது எண்ணிக்கையில் சேராது. வா, வந்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது லேசாக ஆடியது. ஒரு பக்கம் தூக்கியது. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், மேலே வந்து புரண்டது.

"பன்னெண்டு" என்றோம்.

அவர் கிளியர் என்று சொல்லவில்லை. கையும் நீட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கிட்டப் போய் அவர் குல்லாவைச் சரிசெய்தேன்.

"மேல வந்துட்டேன் மச்சான்" என்றேன். "வா, சாப்புடலாம்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஆறு போண்டா சாப்பிட்டார். ராதிகா வந்து பார்த்துவிட்டு, ஏன் அக்கா உங்க கண்ணு இப்படி சிவந்து கீது என்றாள். மிளகாய் என்றேன். பன்னிரண்டாவதை நான் தின்றேன். சோடா கூடிப்போய் சோப்பு மாதிரி இருந்தது. அவர் ஆறையும் குறை சொல்லாமல் தின்றிருந்தார்.